கேஸ் நிற்காத துப்பாக்கி

"உஸ்" என்ற சத்தம் மறுபடியும் கேட்டது.

புகழேந்தி கையிலிருந்த மேகசினைக் காதருகே கொண்டுபோனான். சந்தேகமே இல்லை, கேஸ் போய்க்கொண்டிருந்தது. அடைத்து முடித்து நெற்றியைத் துடைக்கக்கூட நேரமில்லை. அதற்குள் அந்த அலுமினியப் பெட்டி உள்ளங்கையில் ஐஸ் வைத்ததுபோல் சில்லிட்டது, வால்வின் ஓரத்தில் வெள்ளையாகப் பனி படிந்தது, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே போய்விட்டது. அவன் அதை மேசைமேல் வைத்துவிட்டு, அடிக்கவும் முடியாத கொஞ்சவும் முடியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

விழுப்புரத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் அவன். கீழே கடை, அதற்கு மேலே வீடு, மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை. யார் வீட்டு ஏசியில் கேஸ் ஒழுகினாலும் குழாயில் சோப்பு நுரையைத் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்து, அடைத்துவிட்டு வருவதுதான் பிழைப்பு. அப்படிப்பட்ட ஆள் தானே வரைந்து தானே செய்த, கையகலப் பெட்டிக்குள் கேஸை நிறுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தான். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்லவும் முடியவில்லை.

அவன் செய்துகொண்டிருந்தது ஒரு பொம்மைத் துப்பாக்கி. பொம்மை என்றால் திருவிழாக் கடையில் தொங்குகிற ரகம் இல்லை. சில நாடுகளில் வளர்ந்த ஆட்களே இதை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து தோப்புக்குள் ஓடி விளையாடுகிறார்கள். ஏர்சாஃப்ட் என்று பெயர். பார்க்க அசல் ரைஃபிள்தான். ஆனால் வெளியே வருவது சுண்டைக்காயில் பாதிகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் உருண்டை. புகழேந்தி கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, அவன் அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஊரில் தன்னிடம் இருப்பதைப் போனில் காட்டினார். ட்ரிக்கரை அழுத்தினால், உருண்டைகளும் கேஸும் அடைத்த மேகசின் என்கிற பெட்டியிலிருந்து துளி கேஸ் விடுபடுகிறது. அதில் பாதி உருண்டையைத் தள்ளுகிறது. மீதிப் பாதி, உள்ளே இருக்கும் போல்ட் என்கிற உருளையைப் பின்னால் எற்றுகிறது. ஸ்பிரிங் அதை மறுபடி முன்னால் கொண்டுவர, வருகிற வழியில் அது அடுத்த உருண்டையையும் எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறது. மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஒரு மூச்சுக் காற்று இத்தனை வேலை செய்கிறதே என்று புகழேந்தி அன்றைக்கு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான்.

ஊருக்கு வந்து கடை வைத்து, கல்யாணமாகி, சில வருஷம் ஆனபிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால், வருகிற வழியிலேயே சுங்கத்தில் நின்றுவிடும் என்று விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். சரி, நாமே செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தான். பழைய லேப்டாப்பில் வரையக் கற்றுக்கொண்டான். புதுச்சேரியில் யாரோ விற்ற த்ரீடி பிரிண்டரை வாங்கி வந்து கொட்டகையில் வைத்தான். அது ஒரு தனிக் கொடுமை. முக்கால்வாசி அச்சாகும்போது கரண்ட் போகும். கரண்ட் போகாத அன்று வெயிலில் தகரம் சூடேறி, அச்சான பிளாஸ்டிக் அப்பளம்போல் வளையும். ஒருவழியாக உடம்பு முழுவதையும் அச்சடித்து, ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, கனம் வரவேண்டும் என்று தோளில் வைக்கிற கட்டைக்குள் இரும்புப் பட்டையும் சொருகி முடித்தபோது அசலையும் இதையும் பக்கத்தில் வைத்தால் அவனுக்கே அடையாளம் தெரியாது. எல்லாம் இருந்தது. சுடுவது மட்டும்தான் நடக்கவில்லை.

"மறுபடியும் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி பானுப்ரியா மாடிக்கு வந்தாள். ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமையில்தான் வீட்டில் இருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் கணவன் மாடியிலேயே இருக்கிறானே என்கிற கோபம் அவளுக்கு உண்டு.

"போச்சு."

"கீழ மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. ஏசி ஓடலயாம். இந்த வெயில்ல அவங்க நெலமய நெனச்சிப் பாருங்க."

"போறேன் பானு. இத மட்டும் பாத்துட்டு."

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. இது எதுக்கு?"

இந்தக் கேள்வியை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். பிரிண்டர் விற்றவனே கேட்டான். புகழேந்திக்கு இதற்கு மட்டும் பதில் வராது. விற்பதற்கு இல்லை, யாரையும் சுடுவதற்கு இல்லை, சேர்ந்து விளையாட விழுப்புரத்தில் இன்னொருத்தன் இல்லை. அப்புறம் எதற்கு என்றால், அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

"ஓடணும் பானு. ஒரு தடவ ஓடிட்டா போதும்" என்றான்.

அவள் இறங்கிப் போனாள்.

பிளாஸ்டிக்கில் செய்ய முடியாத உலோக வேலைகளையெல்லாம் அவன் திண்டிவனத்தில் லூர்துமேரியிடம்தான் கொடுத்து வந்தான். மரக்காணம் ரோட்டில் அவளுக்கு லேத் பட்டறை. கணவர் சவுதியிலிருந்து அனுப்பியதை வைத்துப் போட்டது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், பட்டறை முழுக்க இவள் பொறுப்பு. படகு இன்ஜின் சாமான், மோட்டார் ஷாஃப்ட் என்று எந்நேரமும் வேலை இருக்கும். விழுப்புரத்திலேயே பட்டறைகள் இருந்தாலும், தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று புகழேந்தி திண்டிவனம் போனான். அங்கேயும் உண்மையைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக வரைந்து எடுத்துப் போய், "பழைய ஜப்பான் ஏசிக்கு, பார்ட்டு கெடைக்கல அக்கா" என்று சொல்லிச் செய்து வாங்கிவந்தான்.

இப்போது மூன்றாவது வால்வும் ஒழுகியது. மறுநாள் காலை வேலைகளை ஜல்தியாக முடித்துவிட்டு, மேகசினைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

லூர்துமேரி மேகசினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேத்துக்குப் பக்கத்திலிருந்த ஆளிடம் "அத கொஞ்சம் நிறுத்துப்பா" என்றாள். சத்தம் அடங்கியது.

"இது எந்த கம்பெனி ஏசிக்கு, தம்பி?"

"அதான்க்கா, ஜப்பான்..."

"நீ செஞ்சிக்கினு போனதயெல்லாம் நேத்து ஒக்காந்து நெனச்சிப் பாத்தேன். நீட்டா ஒரு பித்தள கொழா. உள்ள வழவழன்னு இருக்கணும்னு நாலு தடவ சொன்ன. அப்புறம் ஒரு கொக்கி. ஒரு சுத்தியல் மாதிரி சின்னதா ஒண்ணு. இப்ப இந்தப் பொட்டி. ஏசியில சுத்தியல் எங்க வருது?"

புகழேந்தி பையை மேசைமேல் வைத்தான். இனி மறைத்துப் பயனில்லை என்று போனை எடுத்துப் படத்தைக் காட்டினான். அவள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். லேத் ஆளும் எட்டிப் பார்த்தான். "நீ போய் டீ சாப்ட்டு வா" என்று அவனை அனுப்பினாள்.

"பொம்மதான்க்கா. பிளாஸ்டிக் உருண்டதான் வரும். சத்தியமா சொல்றேன்."

"பொம்மயோ என்னாவோ. என் பட்டறையில துப்பாக்கி பார்ட்டு செஞ்சிக்கினு இருந்திருக்கேன், எனக்கே தெரியாம." குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. "நாளைக்கி எவனாச்சும் வந்து கேட்டா நான் என்னா சொல்றது? ஏசின்னு நெனச்சேன்னா? நம்புவானா?"

"தப்புதான்க்கா. சொன்னா செஞ்சி தர மாட்டீங்களோன்னு..."

"அத முடிவு பண்ண வேண்டியது நான்தானே."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். அவள் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். கோபத்தில் இருந்தாலும் தான் செய்த பொருள் ஒழுகுகிறது என்பது அவளை உறுத்தியது.

"இதுல என்னா வந்து ஒக்காருது?"

"ரப்பர் வளையம்க்கா."

"அப்ப நீ கேஸ் லைன்னு சொன்ன. தாமிரக் கொழா வந்து சேரும், கைய கிழிக்கக் கூடாதுன்னு விளிம்ப நான்தான் மழுக்கினேன். மூணுலயும் மழுக்கியிருக்கேன். ரப்பர் ஒக்காரணும்னா விளிம்பு சுருக்குன்னு இருக்கணும், அதுல பதியணும். மழுங்கின எடத்துல எங்க பதியும்?" அவள் வால்வை மேசைமேல் வைத்தாள். "எதுக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா மொதல் தடவயே நின்னிருக்கும்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை டப்பா கேஸ். புகழேந்திக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. அவன் சொன்ன பொய்தான் இத்தனை நாளும் அந்த வால்வின் ஓரத்தில் உட்கார்ந்து "உஸ்" என்று சீறிக்கொண்டிருந்திருக்கிறது.

"அத மட்டும் சரி பண்ணித் தந்துட்டா..." என்று இழுத்தான்.

"முடியாது. எடுத்துக்கினு போ. இனிமே இந்த வேலக்கி இங்க வராத."

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டில் ஏறிய மயிலம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். விக்கிரவாண்டி தாண்டும்வரை அவள் பேசியது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும், மழுங்கின விளிம்பைக் கையாலேயே தேய்த்து எடுத்துவிட முடியுமா என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

தேய்த்தான். கண்ணாடிப் பலகைமேல் நைஸான எமரித் தாளை ஒட்டி, வால்வைத் தலைகீழாக வைத்து, வேலைக்கும் வேலைக்கும் நடுவே கிடைத்த நேரத்திலெல்லாம் தேய்த்தான். சாய்ந்துபோய் ஒன்று வீணானது. இரண்டாவது அதிகம் தேய்ந்து குட்டையாகிப் போனது. மூன்றாவதை மாட்டிக் கேஸ் அடைத்துக் காதருகே வைத்தபோது எந்தச் சத்தமும் இல்லை. நம்ப முடியாமல் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

மாலையில் வேலையிலிருந்து வந்த பானுப்ரியாவை மாடிக்குக் கூப்பிட்டான். வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டி ஒன்றைச் சுவரோரம் வைத்திருந்தான். மேகசினைச் சொருகி, போல்ட்டை இழுத்துவிட்டு, ட்ரிக்கரை அழுத்தினான்.

"டப்-டக்."

தோளில் சின்னதாக ஒரு இடி. போல்ட் பின்னால் போய், திரும்பி வந்து, அடுத்த உருண்டையோடு உட்கார்ந்துவிட்டது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அப்படியே. அட்டையில் வரிசையாகப் பொத்தல். புகழேந்தி துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"குடுங்க" என்று அவளும் வாங்கிப் பார்த்தாள். கனம் தாங்காமல் தாழ்ந்த கையை அவன் பிடித்துக்கொண்டான். அவள் சுட்டது அட்டையில் படாமல் தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் தெறித்தது. அவள் சிரித்துவிட்டாள். "நல்லாதான் இருக்குது" என்றாள். அத்தனை மாதத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

பானுப்ரியாவின் அண்ணன் பாண்டுரங்கனுக்குத் திண்டிவனத்தைத் தாண்டி, வல்லம் பக்கத்துக் கிராமத்தில் சொந்த நிலம். அந்த முறை மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டிருந்தார். செடி நன்றாக வந்திருந்தது, ஆனால் இருட்டினால் காட்டுப்பன்றி இறங்கிக் கிளறிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தங்கையைப் பார்க்க விழுப்புரம் வந்தவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ள, இது பன்னிக்குத் தாங்குமா?"

"மச்சான், இதுக்குக் காக்காகூட அசையாது. பிளாஸ்டிக் குண்டு."

"சும்மா சொல்லாதீங்க. பாத்தாலே தெரியுதே."

புகழேந்தி எடுத்துக் காட்டி விளக்கினான். உருண்டையை அவர் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினான். பாண்டுரங்கன் தலையாட்டிக் கேட்டார், ஆனால் கண் துப்பாக்கியை விட்டு நகரவில்லை.

"குண்டு வேணாம் மாப்ள. அந்த சத்தமும் உருவமும் போதும். பன்னி ஓடுதோ இல்லயோ, பக்கத்து நெலத்துக்காரன் வரப்ப வெட்ட மாட்டான்."

"அதுக்குத்தான் தரமாட்டேன்" என்று புகழேந்தி சிரித்துக்கொண்டே சொன்னான். விஷயம் முடிந்தது என்று நினைத்தான்.

இரண்டு நாள் கழித்து, கோலியனூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏசி வேலையை முடித்துவிட்டு வந்து மாடி ஏறினால், ஆணி காலியாக இருந்தது.

"பானு, எங்க அது?"

"அண்ணன் வந்தாரு. ரெண்டு நாளுல குடுத்துடறேன்னாரு."

"என்னைக் கேக்காம எப்டி குடுத்த?"

"கேட்டா தர மாட்டீங்கன்னுதான் நீங்க இல்லாதப்ப வந்திருக்காரு. வாசல்ல வந்து நின்னு கேக்கறாரு, கூடப் பொறந்தவருக்கு ஒரு பொம்மயத் தர மாட்டேன்னு நான் எப்டி சொல்றது? பொம்ம, பொம்மன்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க?"

போன் போட்டான், பாண்டுரங்கன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பானுப்ரியாவின் போனில் அவருடைய ஸ்டேட்டஸ் வந்தது. தலையில் துண்டு முண்டாசு, மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துப்பாக்கி, பின்னால் மல்லாட்டைக் காடு. கீழே, "இனி எவன் வருவான்" என்று எழுதியிருந்தார். அவர் பன்றியை நினைத்தே எழுதியிருக்கலாம். ஆனால் வரப்புத் தகராறு நடக்கிற ஊரில் அதை யார் எப்படிப் படிப்பார்கள் என்று புகழேந்திக்குப் பகீரென்றது.

கடைசியில் போன் கிடைத்தது. "மச்சான், மொதல்ல அத அழிங்க."

"எவ்ளோ பேரு பாத்திருக்காங்க தெரியுமா மாப்ள? எல்லாரும் எங்க வாங்கினன்னு கேக்கறாங்க."

"மச்சான், பேஜாராயிடும். அழிங்க. நான் காலையில வந்து எடுத்துக்கறேன்."

காலையில் அவன் வண்டியை எடுக்குமுன்பே வல்லம் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் படத்தோடு போய்ப் புகார் கொடுத்திருந்தார். பாண்டுரங்கன் அங்கே உட்கார்ந்திருந்தார். "இத செஞ்சவர் நீங்கதானா? வாங்க" என்றது ஒரு பெண் குரல்.

ஸ்டேஷனில் மேசைமேல் துப்பாக்கி நீட்டிக் கிடந்தது. பாண்டுரங்கன் பெஞ்சின் ஓரத்தில், முந்தின நாள் முண்டாசாக இருந்த துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு இருந்தார். எஸ்.ஐ. முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். புகழேந்தி சொன்னதை முழுக்கப் பொறுமையாகக் கேட்டாள்.

"பொம்மைன்னு சொல்றீங்க. சரி, சுட்டுக் காட்டுங்க."

பின்பக்கம் காலி இடத்தில் ஒரு பழைய பேப்பரைச் செங்கல்லில் சாய்த்து வைத்தார்கள். துப்பாக்கியோடு கிடந்த டப்பாவிலிருந்து புகழேந்தி கேஸ் அடைத்தான். ஒழுகிவிட வேண்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டான். பழையபடி "உஸ்" என்று சீறிவிட்டு, உதவாத சாமான் என்று எல்லாரும் சிரித்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் வால்வு கெட்டியாக நின்றது. ட்ரிக்கரை அழுத்தினான்.

"டப்-டக்."

பின்னால் நின்றிருந்த கான்ஸ்டபிள் சட்டென்று ஓரடி விலகினார். மதிலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார். பேப்பரில் சின்ன ஓட்டைதான். ஆனால் யாரும் பேப்பரைப் பார்க்கவில்லை.

எஸ்.ஐ. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "இத எவனாவது தூக்கிக்கிட்டுப் போய் பெட்ரோல் பங்க்ல நீட்டினா, அங்க நிக்கறவன் குண்டு பிளாஸ்டிக்கான்னு கேட்டுக்கிட்டு இருப்பானா?"

"இல்ல மேடம்."

"இதே மெஷின ஒரு டப்பாக்குள்ள வெச்சி செஞ்சிருந்தா நான் உங்கள கூப்பிட்டே இருக்க மாட்டேன். ஏன் துப்பாக்கி மாதிரியே செஞ்சீங்க?"

மறுபடியும் அதே இடம். "எதுக்கு" என்பது போய் "ஏன்" என்று வந்திருந்தது. புகழேந்தி செங்கல்லில் சாய்த்த பேப்பரை எடுத்து மடித்தான்.

"உள்ள இருக்கற பித்தள வேலயெல்லாம் யாரு செஞ்சது? உங்ககிட்ட லேத் இருக்கா?"

"இல்ல மேடம்." அவன் கொஞ்சம் தயங்கினான். பாண்டுரங்கன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்ச எடத்துல செஞ்சி வாங்கினேன். ஆனா அவங்களுக்கு இது என்னான்னு தெரியாது. ஏசி பார்ட்டுன்னு பொய் சொல்லித்தான் வாங்கினேன். அது என் தப்பு. அப்டியே எழுதிக்கோங்க."

"பேரு?"

"வேணாம் மேடம். அவங்க மேல ஒண்ணும் இல்ல."

எஸ்.ஐ. துப்பாக்கியைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தாள். "தேவப்பட்டா கேப்பேன். அப்ப சொல்லித்தான் ஆகணும்" என்று உள்ளே போனாள். சாயங்காலம் இரண்டு பேரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். துப்பாக்கியை மட்டும் சாக்குத்துணியில் சுற்றிச் சீல் வைத்து, விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

"நான் ஒரு பன்னிக்காக..." என்று வெளியே வந்ததும் பாண்டுரங்கன் ஆரம்பித்தார்.

"வேணாம் மச்சான். இப்ப ஒண்ணும் பேசாதீங்க" என்று புகழேந்தி வண்டியை எடுத்தான்.

அதற்கப்புறம் நடந்தது காத்திருப்புதான். போய்க் கேட்டால் ரிப்போர்ட் வரவில்லை என்பார்கள். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் ஏசியைப் பற்றிப் பேசிவிட்டு, போகும்போது குரலைத் தாழ்த்தி, "போலீஸ் மேட்டர் என்னா ஆச்சு?" என்பார்கள். மண்டபத்துக்காரர் வருஷ ஒப்பந்தத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அண்ணனோடு பானுப்ரியா பேசுவதில்லை. கணவனோடு பேசினாள், ஆனால் அளவாக. கொட்டகையில் ஆணி அப்படியே இருந்தது. புகழேந்தி மாடிக்குப் போவதையே விட்டுவிட்டான்.

வெயில் தணிந்து மழை பிடிக்கிற சமயத்தில் கூப்பிட்டார்கள். ஆயுதம் இல்லை, பொம்மை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது, பொம்மை என்று தெரிய முனையில் ஆரஞ்சுப் பெயின்ட் அடிக்கவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கான்ஸ்டபிள் சாக்கை எடுத்து வந்து மேசைமேல் கொட்டினார். கொட்டினார் என்றுதான் சொல்லவேண்டும். துப்பாக்கி துண்டு துண்டாக வந்து விழுந்தது.

"தொறந்து பாத்திருக்காங்க. மறுபடி மாட்டத் தெரியல போல" என்றார்.

போல்ட்டின் முனையில் கேஸை வாங்கிக் கொடுக்கிற குட்டி நாசில் நடுவில் முறிந்திருந்தது. ஸ்பிரிங்கைக் காணவில்லை. புகழேந்தி சாக்கை உதறிப் பார்த்தான். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான்.

எஸ்.ஐ. தன் நாற்காலியிலிருந்தே சொன்னாள். "பாத்தவரு என்கிட்ட போன்ல பேசினாரு. ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்கன்னு சொன்னாரு."

அத்தனை நாளும் வேலை தெரிந்த ஒருவர் வாயிலாவது இந்த வார்த்தை வராதா என்று ஏங்கியவன், உடைந்த நாசிலைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டான். "தேங்க்ஸ் மேடம்" என்றான்.

பஸ்ஸில் திண்டிவனம் வழியாகத்தான் திரும்பினான். சாக்கைப் பஸ் ஸ்டாண்டில் தெரிந்த கடையில்கூட வைக்கப் பயமாக இருந்தது. தோளில் போட்டுக்கொண்டே லூர்துமேரியின் பட்டறை வாசலில் போய் நின்றான். அவள் வேலையை விட்டு எழவில்லை.

"நாசில் ஒடஞ்சிடுச்சிக்கா. துப்பாக்கிக்குத்தான். அத சொல்லிட்டு கேக்கலாம்னு வந்தேன்."

"போலீஸ்னு கேள்விப்பட்டேன். இங்க யாரும் வரல."

"உங்க பேர நான் சொல்லலக்கா. ஏசின்னு பொய் சொன்னது நான்தான்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றான். அவள் மெல்லத் தலையாட்டினாள். மிஷினை நிறுத்திவிட்டு, கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வர விடாம வெச்சதுக்கு சந்தோஷம் தம்பி. பொய்ய நீயே ஒத்துக்கினதும் சரி. ஆனா செஞ்சி தர மாட்டேன். எனக்குப் பட்டறை ஒண்ணுதான் இருக்குது. ஏசி பார்ட்டு இருந்தா கொண்டாந்து குடு, செய்றேன்."

"நியாயம்தான்க்கா" என்றான். உண்மையிலேயே அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. தோன்றியதால் ஏமாற்றம் குறைந்துவிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட மத்தியானத்தில் கொட்டகையைத் திறந்தான். நைலான் கம்பித் துண்டு ஒன்றை வைஸில் பிடித்து, அரத்தால் ராவி நாசில் செய்ய உட்கார்ந்தான். பானுப்ரியா ஆரஞ்சுப் பெயின்ட் டப்பாவோடு வந்து, தரையில் பேப்பர் விரித்து, குழாயின் முனைக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தாள். யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"பானு, அந்த எஸ்.ஐ. கேட்டாங்க இல்ல, டப்பாக்குள்ள ஏன் செய்யலன்னு. டப்பாக்குள்ள இருந்தா எனக்குப் புடிச்சிருக்காது. அசல் மாதிரி இருந்து, ஆனா அசலா இல்லாம ஓடுது பாரு, அதான் புடிச்சிருக்குது."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே."

"அங்க தோணல."

"தோணாததே நல்லது. இன்னும் ரெண்டு நாளு ஒக்கார வெச்சிருப்பாங்க" என்றாள் அவள், பெயின்ட் வழியாமல் பிரஷ்ஷை உருட்டிக்கொண்டே.

நாசிலை மாட்டினான். வேறொரு ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டிருந்தான். கேஸ் அடைத்து அழுத்தினால் போல்ட் பின்னால் போனது, பாதி வழியில் சிக்கிக்கொண்டு திரும்பவில்லை. கழற்றி, இன்னும் கொஞ்சம் ராவி, மறுபடி மாட்டினான். இந்த முறை திரும்பி வந்தது, ஆனால் உருண்டையை எடுக்கவில்லை. மறுபடி கழற்றினான். கீழே கடை வாசலில் யாரோ மணியை அடித்து, "அண்ணே, ஏசியிலேர்ந்து தண்ணி ஒழுவுது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கத்தினார்கள்.

"வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, புகழேந்தி அரத்தைக் கீழே வைக்காமல் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான்.